விண்டோஸ் ஏற மறுக்கிறதா? வாசகர் கேள்வி - பதில்

பார்ட்ஸைத் தனித்தனியாக வாங்கி வீட்டிலேயே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தவர்கள், ஓஎஸ் (விண்டோஸ் போன்ற இயக்க மென்பொருள்) போடும் கட்டத்தில் மாட்டிக்கொண்டு அனுப்பிய கேள்விகளை இந்த முறை சேர்த்து எடுத்திருக்கிறோம். பல கடிதங்களில் ‘பூட் ஆகவில்லை’ (கம்ப்யூட்டர் எழவில்லை) என்ற ஒற்றை வரிதான் இருக்கிறது. அதை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. ஆன் செய்ததும் திரை இருட்டாகவே இருப்பது வேறு, பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) வரை வந்துவிட்டு பென் டிரைவைக் கண்டுகொள்ளாதது வேறு. பாதி காப்பி ஆகி நிற்பதும், எல்லாம் முடிந்து ரீஸ்டார்ட்டில் விழுவதும் அவற்றோடு சேராதவை. கடைசியாகத் திரையில் என்ன இருந்தது என்று செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். எந்தப் பார்ட்டையும் மாற்றும் முன் அதைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: ரைசன் 5 5600 ப்ராசஸர், பழைய ஸ்டாக்கில் மலிவாகக் கிடைத்த பி450 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு. கிராபிக்ஸ் கார்டு பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை. போர்டும் ப்ராசஸரும் நல்ல நிலையில்தான் இருக்கின்றன என்கிறார் கடைக்காரர். - வாசகர், கரூர்

பதில்: கடைக்காரர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். உங்கள் ப்ராசஸரில் டிஸ்ப்ளே கிடையாது. ரைசன் 5000 வரிசையில் எண்ணை அடுத்து ‘ஜி’ இருந்தால்தான் உள்ளேயே கிராபிக்ஸ் உண்டு. 5600ஜி-யில் இருக்கிறது, 5600-இல் இல்லை. போர்டின் பின்பக்கம் எச்டிஎம்ஐ துளை இருப்பதைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். அந்தத் துளைக்குப் படம் அனுப்ப வேண்டியது ப்ராசஸர்தான். இன்டெல் வாங்குபவர்களுக்கும் இதே எச்சரிக்கை உண்டு: 12400எஃப் போல ‘எஃப்’ என்று முடிந்தால் கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் வராது.

கார்டு மாட்டிய பிறகும் இருட்டாகவே இருந்தால் அடுத்த சந்தேகம் பயாஸ் மீது. பி450 போர்டுகள் 2018-இல் வந்தவை. உங்கள் ப்ராசஸர் வெளியானது 2022-இல். பழைய ஸ்டாக் என்றால் உள்ளே இருக்கும் பயாஸுக்கு இந்த ப்ராசஸரை அடையாளம் தெரியாமல் இருக்கலாம். பல போர்டுகளின் ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று பெயர் போட்ட நான்கு குட்டி விளக்குகள் இருக்கும். ஆன் செய்ததும் ஒவ்வொன்றாக எரிந்து அணையும். எது அணையாமல் நிற்கிறதோ, அந்தப் படியைத் தாண்ட முடியவில்லை என்று பொருள். விஜிஏ நின்றால் கிராபிக்ஸ். சிபியு அல்லது டிராம் நின்றால் பயாஸையும் ரேமையும் பாருங்கள்.

பின்பக்கம் ‘பயாஸ் ஃப்ளாஷ்பேக்’ பட்டன் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். பென் டிரைவை ஃபேட்32 என்ற ஃபைல் முறையில் ஃபார்மட் செய்து, உங்கள் போர்டு மாடலுக்கே உரிய பயாஸ் ஃபைலை மேனுவல் சொல்லும் பெயருக்கு மாற்றி அதில் போடுங்கள். எந்த ஃபோல்டருக்குள்ளும் வைக்கக் கூடாது. போர்டின் ரிவிஷன் எண் வரை ஒத்துப்போக வேண்டும். 24 பின் கேபிளும் ப்ராசஸர் பக்கத்து 8 பின் கேபிளும் மாட்டியிருக்க, குறி போட்ட யுஎஸ்பி துளையில் செருகி, பட்டனை 3 விநாடி அழுத்தினால் விளக்கு மினுங்கும். மினுங்குவது தானாக நிற்கும்வரை எதையும் தொடாதீர்கள். சில நிமிடம் பிடிக்கும். பட்டன் இல்லாத போர்டு என்றால் பழைய ரைசன் ஒன்றை மாட்டித்தான் அப்டேட் செய்ய முடியும். வாங்கிய கடையிலேயே செய்து தரச் சொல்லுங்கள், அது நியாயமான கோரிக்கைதான். பயாஸுக்குள் போய் அப்டேட் செய்யும்போது பாதியில் கரண்ட் போனால் போர்டு எழாது. யுபிஎஸ் இல்லாத வீட்டில் அந்த வேலையில் இறங்க வேண்டாம்.

இன்னும் ஒன்று. ப்ராசஸர் மூலையில் உள்ள 8 பின் கேபிளை மாட்டாமல் விட்டாலும் இதேபோல் ஃபேன் மட்டும் சுற்றும். அங்கே கிராபிக்ஸ் கார்டுக்கான 6+2 கேபிளைத் திணித்துவிடாதீர்கள். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் 12 வோல்ட்டும் கிரவுண்டும் அதில் இடம் மாறி இருக்கும்.

கேள்வி: ரைசன் 7600, டிடிஆர்5 ரேம். முதன்முதலாக ஆன் செய்து இரண்டு நிமிடம் ஆகியும் திரை கறுப்பு. உடனே ஆஃப் செய்துவிட்டேன். திரும்ப ஆன் செய்தாலும் அப்படியே. ரேம் போய்விட்டதா? - கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: ஆஃப் செய்ததுதான் தவறு. உங்கள் ப்ராசஸர் உட்காரும் ஏஎம்5 வகை போர்டுகள் முதல் தடவை ரேமின் நேரக்கணக்கைத் தாமாகவே சோதித்து அமைத்துக்கொள்ளும். அதற்குச் சில நிமிடம் ஆகும், நடுவில் ஒருமுறை தானாக ரீஸ்டார்ட்டும் ஆகலாம். ஒவ்வொரு முறை நீங்கள் ஆஃப் செய்யும்போதும் அது முதலிலிருந்து தொடங்குகிறது. ஆன் செய்துவிட்டு 15 நிமிடம் அந்தப் பக்கமே போகாதீர்கள். அதற்குப் பிறகும் வரவில்லை என்றால் ஒரே ஒரு ரேமை, ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட்டில் மாட்டிப் பாருங்கள்.

கேள்வி: மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸ் 11 ஐஎஸ்ஓ ஃபைலை டவுன்லோடு செய்து 16 ஜிபி பென் டிரைவில் காப்பி செய்தேன். பூட் மெனுவில் பென் டிரைவ் பெயரே வரவில்லை. - வாசகர், விழுப்புரம்

பதில்: ஐஎஸ்ஓவை (இன்ஸ்டாலேஷன் டிஸ்க் மொத்தத்தையும் ஒன்றாக அடக்கியது) ஒரு ஃபைலாகக் காப்பி செய்தால் அது வெறும் ஃபைல்தான், பூட் ஆகாது. உள்ளே இருப்பதை விரித்துக் காப்பி செய்தாலும் சிக்கல் வரும். விண்டோஸ் மொத்தமும் அடங்கிய ஒரு ஃபைல் இப்போதெல்லாம் 4 ஜிபியைத் தாண்டிவிடுகிறது, ஃபேட்32 அதை ஏற்காது. மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் இந்தத் தொல்லை எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும். பூட் பென் டிரைவ் செய்யும் ரூஃபஸ் மென்பொருளைப் பயன்படுத்தினால் பார்ட்டிஷன் ஸ்கீம் ஜிபிடி (டிஸ்க்கைப் பிரிக்கும் புது முறை), டார்கெட் யுஇஎஃப்ஐ (பயாஸின் புது வடிவம்) என்று இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, ஆன் செய்ததும் பூட் மெனுவை வரவழைக்கும் விசை: ஏசஸ் போர்டில் எஃப்8, எம்எஸ்ஐ-யிலும் ஏஎஸ்ராக்கிலும் எஃப்11, ஜிகாபைட்டில் எஃப்12. ஒரே பென் டிரைவ் இரண்டு வரிகளில் தெரிந்தால் ‘யுஇஎஃப்ஐ’ என்று தொடங்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள். மற்றதைத் தேர்ந்தெடுத்தால் உள்ளே போகலாம். ஆனால் டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் ‘இந்த டிஸ்க்கில் போட முடியாது’ என்று நின்றுவிடலாம்.

கேள்வி: 12ஆம் தலைமுறை ஐ5, 1 டிபி என்விஎம்இ (வேகமான புது வகை) எஸ்எஸ்டி. இன்ஸ்டாலேஷன் தொடங்கி, எந்த டிஸ்க்கில் போடுவது என்று கேட்கும் பக்கம் காலியாக இருக்கிறது. எஸ்எஸ்டியை மாற்றித் தரச் சொல்லலாமா? - வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: பயாஸில் அந்த எஸ்எஸ்டி தெரிகிறதா? விடை அதைப் பொறுத்தது.

அங்கேயும் தெரியவில்லை என்றால் எம்.2 ஸ்லாட்டை (போர்டில் எஸ்எஸ்டி படுக்கையாக மாட்டும் துளை) பாருங்கள். எஸ்எஸ்டி சாய்வாக உள்ளே போய், கீழே அழுத்தி ஸ்குரூ போட்டபின் தங்க நிறப் பற்கள் வெளியே தெரியக் கூடாது. பற்களின் வரிசையில் இரண்டு வெட்டுகள் இருந்தால் அது சாட்டா என்ற பழைய இணைப்பு வகை எம்.2-ஆக இருக்க வாய்ப்பு அதிகம். என்விஎம்இ-க்கு மட்டுமான ஸ்லாட்டில் அது வேலை செய்யாது. இன்னொரு தொல்லை, சில போர்டுகளில் ஒரு எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி மாட்டியதும் சாட்டா துளைகளில் ஒன்றிரண்டு அணைந்துவிடும். நன்றாக இருந்த பழைய ஹார்ட் டிஸ்க் திடீரென்று காணாமல் போவது இதனால்தான். எந்தத் துளை என்று மேனுவலில் ஒரு அடிக்குறிப்பில் போட்டிருப்பார்கள்.

பயாஸில் தெரிந்து விண்டோஸில் மட்டும் தெரியாவிட்டால் எஸ்எஸ்டி மீது குற்றமில்லை. இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் விஎம்டி என்ற அமைப்பு வந்திருக்கிறது. அது ஆன் ஆகியிருந்தால் என்விஎம்இ டிஸ்க்குகள் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும், விண்டோஸ் பென் டிரைவில் அதற்கான டிரைவர் இருக்காது. ரெய்டு (பல டிஸ்க்கை ஒன்றாக இணைப்பது) போடும் எண்ணம் இல்லை என்றால் பயாஸில் விஎம்டியை ஆஃப் செய்துவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள், டிஸ்க் வந்து நிற்கும். ஆஃப் செய்ய வழியில்லாத போர்டு என்றால், போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை எடுத்து, விரித்து, அதே பென் டிரைவில் போட்டு, டிஸ்க் பக்கத்தில் ‘லோட் டிரைவர்’ கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: விண்டோஸ் போட்டு முடித்த பிறகு விஎம்டியை மாற்றாதீர்கள். ஆன் நிலையில் போட்டது ஆஃப் செய்ததும் ‘இன்ஆக்ஸஸிபிள் பூட் டிவைஸ்’ என்று நீலத் திரையில் விழும். பயந்துபோய் ஃபார்மட் செய்ய வேண்டாம், பழையபடி ஆன் செய்தால் எழுந்துவிடும்.

கேள்வி: ஃபைல் எல்லாம் காப்பி ஆகி ரீஸ்டார்ட் ஆகிறது. மறுபடியும் மொழி தேர்ந்தெடுக்கும் முதல் பக்கமே வருகிறது. மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டேன். - வாசகர், சிவகாசி

பதில்: விண்டோஸ் ஏறிவிட்டது, பென் டிரைவ்தான் குறுக்கே நிற்கிறது. முதல் ரீஸ்டார்ட்டில் திரை இருட்டானதும் பென் டிரைவை உருவிவிடுங்கள். அல்லது பயாஸில் பூட் வரிசையில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ முதலாவதாக இருக்கட்டும். உருவிய பிறகு ‘பூட் டிவைஸ் இல்லை’ என்று வந்தால் அது அடுத்த கேள்வியில் வரும் சிக்கல்.

கேள்வி: பழைய கம்ப்யூட்டரின் 1 டிபி ஹார்ட் டிஸ்க்கையும் புது எஸ்எஸ்டியையும் சேர்த்து மாட்டி, எஸ்எஸ்டியில் விண்டோஸ் 11 போட்டேன். நன்றாக ஓடியது. சத்தம் போடுகிறதே என்று ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினேன். இப்போது விண்டோஸே வரவில்லை, நேராக பயாஸுக்குள் போகிறது. ஹார்ட் டிஸ்க்கைத் திரும்ப மாட்டினால் வருகிறது. விண்டோஸ் எஸ்எஸ்டியில்தானே இருக்கிறது? - வாசகர், திருப்பூர்

பதில்: விண்டோஸ் எஸ்எஸ்டியில்தான் இருக்கிறது. அதை எழுப்பும் ஃபைல்கள் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன.

யுஇஎஃப்ஐ முறையில் கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் போர்டு முதலில் தேடுவது ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்ற சிறிய ஃபேட்32 பகுதியை. விண்டோஸின் பூட் மேனேஜர் அதற்குள்தான் இருக்கும். இன்ஸ்டால் செய்யும்போது இன்னொரு டிஸ்க்கில் ஏற்கெனவே அப்படி ஒரு பகுதி இருந்தால், விண்டோஸ் புதிதாக ஒன்றை உருவாக்காமல் அதையே எடுத்துக்கொண்டுவிடும். ஓஎஸ் போடும்போது மற்ற எல்லா டிஸ்க்கின் கேபிளையும் கழற்றி வையுங்கள் என்று சர்வீஸ் ஆட்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். இன்னும் புரோகிராம் எதுவும் போடாதவர் என்றால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, எஸ்எஸ்டியில் உள்ள பார்ட்டிஷன் எல்லாவற்றையும் டெலீட் செய்து புதிதாக விண்டோஸ் போட்டுவிடுங்கள். அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

வேலை எல்லாம் அதில்தான் ஓடுகிறது என்றால் எஸ்எஸ்டியிலேயே அந்தப் பகுதியை உருவாக்கலாம். முக்கியமான ஃபைல்களுக்கு முதலில் பேக்கப் எடுங்கள். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) ஆன் ஆகியிருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீயைத் தாளில் எழுதிக்கொண்டு, டிஸ்க்கை டிக்ரிப்ட் செய்துவிட்டுத் தொடங்குங்கள். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட வேண்டும். அது மாட்டியிருந்தால் தப்பான டிஸ்க்கில் கை பட்டுவிடும்.

விண்டோஸ் பென் டிரைவில் பூட் செய்து, முதல் பக்கத்தில் ஷிஃப்ட்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்தினால் கறுப்பு கமாண்ட் திரை வரும். கட்டளைகளை இங்கே ஒலிப்படி தருகிறோம், அடிக்க வேண்டியது ஆங்கிலத்தில். ‘டிஸ்க்பார்ட்’ என்று அடித்து உள்ளே போய், ‘லிஸ்ட் டிஸ்க்’ கொடுங்கள். எஸ்எஸ்டியின் அளவைப் பார்த்து அதன் எண்ணை உறுதி செய்யுங்கள். வலது ஓரம் ஜிபிடி என்ற தலைப்பின் கீழ் நட்சத்திரக் குறி இருக்க வேண்டும். ‘செலக்ட் டிஸ்க்’ போட்டு அந்த எண். அடுத்து ‘லிஸ்ட் பார்ட்டிஷன்’, அதில் பெரிதாக இருப்பது விண்டோஸ். ‘செலக்ட் பார்ட்டிஷன்’ போட்டு அதன் எண். இப்போது ‘ஷ்ரிங்க் டிசையர்ட்=300’ என்றால் விண்டோஸ் பகுதியின் கடைசியிலிருந்து 300 எம்பி காலியாகும். அதில் ‘கிரியேட் பார்ட்டிஷன் ஈஎஃப்ஐ’, பிறகு ‘ஃபார்மட் குவிக் எஃப்எஸ்=ஃபேட்32’, பிறகு ‘அசைன் லெட்டர்=எஸ்’. ஃபார்மட் கட்டளைக்கு முன் எது செலக்ட் ஆகியிருக்கிறது என்று ‘லிஸ்ட் பார்ட்டிஷன்’ கொடுத்து இன்னொரு முறை பாருங்கள். செலக்ட் ஆனதற்கு முன்னால் நட்சத்திரக் குறி நிற்கும். இந்த இடத்தில் எண் தவறினால் மொத்த விண்டோஸும் அழிந்துவிடும்.

‘லிஸ்ட் வால்யூம்’ கொடுத்து விண்டோஸ் பகுதிக்கு என்ன எழுத்து வந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பென் டிரைவில் பூட் செய்யும்போது அது சி-யாகவே இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை, டி-யாகவும் வரலாம். ‘எக்ஸிட்’ கொடுத்து வெளியே வந்து, ‘பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யுஇஎஃப்ஐ’ என்று அடியுங்கள், சி-க்குப் பதிலாக நீங்கள் குறித்த எழுத்து. பூட் ஃபைல்கள் உருவாகிவிட்டன என்று ஒரு வரி வந்தால் முடிந்தது. பென் டிரைவை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்து, பயாஸில் எஸ்எஸ்டியின் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலில் வையுங்கள்.

கேள்வி: 16 ஜிபி டிடிஆர்5 நான்கு, 6000 வேகம், மொத்தம் 64 ஜிபி. எக்ஸ்போ (ரேமைப் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டும் பயாஸ் அமைப்பு) ஆன் செய்திருக்கிறேன். இன்ஸ்டாலேஷன் ஒருமுறை 40 சதவீதத்தில், ஒருமுறை 70-இல் நிற்கிறது. பிழை எண் 80070570 என்று முடிகிறது. ஒருமுறை நீலத் திரையும் வந்தது. - வாசகர், பெங்களூரு

பதில்: அந்த எண்ணுக்குப் பொருள், ஃபைல் கெட்டுப்போயிருக்கிறது அல்லது படிக்க முடியவில்லை. பென் டிரைவ் மோசம் என்றால் அநேகமாக ஒரே இடத்தில் நிற்கும். உங்களுக்கு ஒவ்வொரு முறையும் வேறு இடம், கூடவே நீலத் திரை. ரேம் மீதுதான் சந்தேகம். டவுன்லோடு ஆன ஃபைல் சரியானதாக இருந்தாலும், விரிக்கும்போது ரேமில் ஒரு பிட் மாறினால் விண்டோஸ் அதைக் கெட்ட ஃபைல் என்றுதான் சொல்லும்.

6000 என்பது ரேம் பெட்டியில் போட்டிருக்கும் வேகம். உங்களுடையது ரைசன் 7000 என்றால், நான்கு டிடிஆர்5 மாட்டும்போது ஏஎம்டி தரும் உத்தரவாதம் 3600 மட்டுமே. அதற்கு மேல் ஓடினால் உங்கள் அதிர்ஷ்டம். எக்ஸ்போவை ஆஃப் செய்யுங்கள். இரண்டைக் கழற்றிவிட்டு, ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் மட்டும் மாட்டி விண்டோஸ் போடுங்கள். ஏறிவிட்டால் வேறு பென் டிரைவில், ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ போட்டு, முதலில் இரண்டு இரண்டாகவும் பிறகு நான்கையும் சேர்த்தும் ஓர் இரவு ஓட விடுங்கள். சிவப்பு வரி ஒன்று வந்தாலும் அது ஒன்றுதானே என்று விடக் கூடாது, அந்த அமைப்பில் உங்கள் ஃபைல்களுக்குப் பாதுகாப்பில்லை. இரண்டு இரண்டாக ஓடும்போது பிழை இல்லாமல், நான்கில் மட்டும் வந்தால் ரேம் பழுதில்லை, வேகம்தான் அதிகம். 64 ஜிபி வேண்டும் என்றால் 32 ஜிபி இரண்டாக மாற்றிக்கொள்வதே நல்லது. நான்கு ஸ்லாட்டும் நிறைந்து அழகாக இருக்கட்டும் என்று வாங்குபவர்களுக்கு டிடிஆர்5 ஒத்துவராது.

கேள்வி: விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்ததால் 11-க்கு மாற நினைத்தேன். செக்யூர் பூட் (நம்பகமான ஓஎஸ் மட்டும் எழ விடும் பாதுகாப்பு) வேண்டும் என்றதால் பயாஸில் சிஎஸ்எம்-ஐ (பழைய முறையில் பூட் செய்ய விடும் அமைப்பு) ஆஃப் செய்தேன். இப்போது பழைய விண்டோஸ் 10-உம் வரவில்லை. டிபிஎம் என்ற பாதுகாப்பு சிப் வேறு தனியாக வாங்க வேண்டும் என்கிறார்கள். - வாசகர், தஞ்சாவூர்

பதில்: சிஎஸ்எம்-ஐத் திரும்ப ஆன் செய்யுங்கள், விண்டோஸ் 10 வந்துவிடும். உங்கள் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறையில் இருக்கிறது, யுஇஎஃப்ஐ மட்டும் இருக்கும்போது விண்டோஸ் அதிலிருந்து எழாது. பேக்கப் எடுத்துவிட்டு, அட்மினிஸ்ட்ரேட்டர் கமாண்ட் திரையில் ‘எம்பிஆர்2ஜிபிடி /வேலிடேட் /அலவ்ஃபுல்ஓஎஸ்’ என்று சோதியுங்கள். சரி என்று வந்தால் வேலிடேட் இருக்கும் இடத்தில் கன்வர்ட் என்று போட்டு மாற்றுங்கள். டிஸ்க்கில் பிரைமரி பார்ட்டிஷன் மூன்றுக்கு மேல் இருந்தால் ஏற்காது. மாறியபின் சிஎஸ்எம் ஆஃப், செக்யூர் பூட் ஆன். டிபிஎம் வாங்கக் காசைக் கொட்டாதீர்கள். விண்டோஸ் 11 ஏற்கும் ப்ராசஸர் என்றால் அது உள்ளேயே இருக்கும். பயாஸில் ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம், இன்டெல் என்றால் பிடிடி என்ற பெயரில் ஆன் செய்தால் போதும்.

கேள்வி: என்விடியா கார்டு போட்ட கம்ப்யூட்டரில் உபுண்டு (லினக்ஸ் வகை ஓஎஸ்) பென் டிரைவ் பூட் ஆகி, மெனு வந்து, அதன் பின் கறுப்புத் திரை. - வாசகர், கோவை

பதில்: மெனுவில் ‘சேஃப் கிராபிக்ஸ்’ என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள். அது இல்லாவிட்டால் முதல் வரியில் நின்று ‘இ’ விசையை அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில் இடைவெளி விட்டு ‘நோமோட்செட்’ என்று சேர்த்து எஃப்10 கொடுங்கள். இன்ஸ்டால் செய்யும்போது மூன்றாம் தரப்பு டிரைவர்களையும் சேர்க்கச் சொல்லுங்கள். செக்யூர் பூட் ஆன் ஆகியிருந்தால் அங்கே ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரையில் ‘என்ரோல் எம்ஓகே’ என்று வரும்போது அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். அந்தத் திரை சில விநாடிதான் காத்திருக்கும். தவறவிட்டால் என்விடியா டிரைவர் ஏறாது. அப்போது திரும்ப முழுதாகப் போட வேண்டியதில்லை, டிரைவரை மட்டும் நீக்கி மறுபடி இன்ஸ்டால் செய்தால் பாஸ்வேர்டைப் புதிதாகக் கேட்கும்.